பிள்ளையார் வயிற்றுக்குள் போன வேல்ஸ்

பிரித்தானியாவைச் சமஷ்டி நாடாக, அதாவது மாநிலங்களின் கூட்டாட்சியாக, மாற்றுவதற்கான அரசியலமைப்பு ஒன்றை நான் எழுதியிருக்கிறேன். எட்டு மாநிலங்கள், நாற்பத்தொரு உறுப்புரைகள், ஒரு தேசப்படம். எல்லாம் கச்சிதமாக அமைந்திருந்தது. வேல்ஸை மட்டும் விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்றால் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது இருந்த இடத்தில் கடல் இருந்தது. மலைகள், ஆடுகள், நிலக்கரிச் சுரங்கங்கள், தேவாலயங்களில் நாலு சுருதியில் பாடும் ஆண்கள் எல்லாம் தண்ணீருக்குள். இந்தக் காரியத்தை நான் செய்த காலத்தில், லண்டன் கவுன்சில் ஒன்றின் தேர்தல் பிரிவில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவில் இருப்பவன் எந்தக் கட்சிப் பக்கமும் தலைவைத்துப் படுக்கக்கூடாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் முட்டாள்தனத்தின் முழுப் பரப்பளவும் விளங்கும். அது வேல்ஸைவிடக் கொஞ்சம் பெரியது.

இதை இப்போது கிளறக் காரணம் அபிராமி. நான் வேலைபார்த்த அதே பிரிவில் இப்போது வேலைபார்க்கும் பிள்ளை. லண்டனின் மிச்சம் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழாவில் றோல்ஸ் தட்டோடு என்னைப் பிடித்துக்கொண்டாள். இந்நாளில் கட்சிகள் எல்லாம் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். பதிவில்லாத பெயர் வாக்குச்சீட்டில் ஏறாது.

"அப்ப அந்த நாளில, அங்கிள், ஆரும் வந்து விரும்பின கட்சிப் பேரைப் போடலாமோ?"

"ஓம் பிள்ளை. ஆறு சொல்லுக்கு மேல போகக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

"ஓ மை கோட். சரியான ஃபன்னா இருந்திருக்குமே!"

இருந்தது பிள்ளை. வேலை போகாமல் தப்பினவனுக்கு எல்லாம் ஃபன்தான்.

நான் லண்டனுக்கு வந்தது கணக்காளராவதற்கு. மூன்று முறை சோதனை எழுதினேன். மூன்று முறையும் சோதனைதான் வென்றது. பிறகு பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட், கல்யாணம், கவுன்சிலில் ஆறு வாரத்துக்குத் தற்காலிக எழுத்தர் வேலை. அந்த ஆறு வாரம் நீண்டு நீண்டு, ஐம்பத்தைந்து வயதில் கவுன்சில் ஆட்குறைப்புச் செய்தபோது நானே கையை உயர்த்தி வெளியே வரும்வரை போனது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல்நாள் மிஸ் கிராம்ப்டன் என்னிடம் வாக்காளர் இடாப்பையும் கோடு போடும் அடிமட்டம் ஒன்றையும் சிவப்புப் பேனையையும் தந்து, காலமானவர்களின் பெயர்களை வெட்டச் சொன்னார். நான் வெட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இறந்தவர்களையும் நேராகவே வெட்டவேண்டும், மிஸ்டர் நாதன்" என்றார். பயிற்சி முடிந்தது.

மிஸ் கிராம்ப்டன்தான் எங்கள் உதவித் தேர்தல் அலுவலர். ஐம்பது தாண்டிய நெட்டைப் பெண்மணி. வெயிலோ பனியோ ஒரே சாம்பல் நிறக் கார்டிகன். அவர் பேசியதே எழுத்து ஆங்கிலம் என்பதால் நானும் அவரை எழுத்துத் தமிழில்தான் பேசவைக்க முடியும். காலை ஒன்பதுக்கு முதல் வேலையாக நேரம் சொல்லும் தொலைபேசி எண்ணை அழைத்து, நாற்காலியில் ஏறி நின்று, சுவர்க்கடிகாரத்தின் முள்ளைச் சரிசெய்வார். பதினொரு மணிக்கு ஒரு பிஸ்கட். இரண்டாவது பிஸ்கட் எடுத்ததை நான் இரண்டே தரம்தான் கண்டேன்; முதல்தரம் ஒரு பொதுத்தேர்தலின்போது.

அவரிடம் மை ஒற்றும் பெரிய ஒற்றுத்தாள் ஒன்று இருந்தது. வேட்பாளர் யாராவது தன் துண்டுப்பிரசுரத்தைக் கவுண்டரில் வைத்தால், எடுத்துப் படிக்கமாட்டார். அப்படியே ஒற்றுத்தாளால் மூடிவிடுவார். யார் என்ன கொள்கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்ற பயம். வேட்புமனுவை மட்டும் வாசிப்பார், மூன்று தரம். முதல்தரம் கையெழுத்திட்ட பத்துப் பேரின் பெயரையும் இலக்கத்தையும் அடிமட்டம் வைத்து இடாப்போடு ஒப்பிடுவார். இரண்டாம்தரம் விலாசங்கள். மூன்றாம்தரம் கையெழுத்துகள். பிறகு முத்திரையைக் குத்தி, "நல்லது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாட்டை ஆளப்போகிறவர்கள் எல்லாம் கவுண்டரில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அவருடைய வேதம் இரண்டு வரி. "பிழை எங்கே இருக்கிறது என்று சொல்வது நமது கடமை, மிஸ்டர் நாதன். அதைத் திருத்திக்கொடுப்பது நமது குற்றம்."

பெரிய கட்சிகளின் ஆட்கள் வந்தால் எங்களுக்கு அலுப்பு. மனு சுத்தமாக இருக்கும். சின்னக் கட்சிகள் வரும் நாள்தான் திருவிழா. தேம்ஸ் நதிப் பாலங்களில் சுங்கச்சாவடி வைத்துத் தென்லண்டனைத் தனிக் குடியரசாக்க ஒருவர் வருவார். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதை எதிர்த்து ஒருவர் கட்சி நடத்தினார். அவருடைய மனைவி ஆதரித்து இன்னொரு கட்சி நடத்தினார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பேனையால் மனு நிரப்புவார்கள். கட்சி விவரத்தை ஏழு சொல்லில் எழுதிக்கொண்டு வந்த ஒருவரிடம், ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று மிஸ் கிராம்ப்டன் சொன்னார். நீண்ட நேரம் யோசித்துவிட்டு அவர் வெட்டிய சொல் 'சமாதானம்.'

இப்படி ஒரு நாளில்தான் மிஸ்டர் கிம்பர் வந்தார்.

பியானோவுக்குச் சுருதி சேர்த்து ஓய்வுபெற்றவர். எழுபது வயது, கழுத்தில் நூலில் தொங்கும் பூதக்கண்ணாடி. பிரித்தானியச் சமஷ்டிக் கட்சி என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதன் தலைவர், செயலாளர், மகாநாடு எல்லாம் அவரே. அன்றைக்கு அவருடைய பத்துக் கையெழுத்தில் ஒன்று, பார்க்கிங் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்துபோன ஒருவருடையது. மிஸ் கிராம்ப்டன் அடிமட்டத்தை அந்த வரியில் நிறுத்தினார். நேரமும் முடிந்தது. மனு நிராகரிப்பு.

மிஸ்டர் கிம்பர் கோபப்படவில்லை. படியிறங்க நான் கைகொடுத்தபோது சொன்னார்: "அடுத்த தேர்தலுக்கு எழுத்துத் தெரியுமோ தெரியாது. கண் வைத்தியர் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு என்கிறார். வாக்குச்சீட்டில் என் கட்சியின் பெயர் அச்சாகியிருப்பதை என் கண்ணால் ஒருமுறை வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்."

"வெல்ல வேண்டாமா?"

"எனக்குக் கண்தான் பழுது, மிஸ்டர் நாதன். புத்தி நன்றாகத்தான் இருக்கிறது."

அவர் விட்டுப்போன கொள்கை அறிக்கை கவுண்டரில் ஒற்றுத்தாளுக்குக் கீழே கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தத் தாளைத் தூக்கினேன். என் அழிவு அங்கேதான் தொடங்கியது.

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊரில் சமஷ்டி என்பது அரசியல் அல்ல, காலநிலை. தலைமயிர் வெட்டப் போனால் வெட்டுகிறவருக்கு ஒரு சமஷ்டி, வெட்டுப்படுகிறவருக்கு ஒரு சமஷ்டி, காத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு. சுவிற்சர்லாந்தை ஒருநாளும் காணாதவர்கள் அதன் மாநிலங்களை விரல்விட்டு எண்ணுவார்கள். இந்தச் சூழலில் வளர்ந்தவனின் கையில், மேற்சபையே இல்லாத ஒரு சமஷ்டித் திட்டத்தைக் கொடுத்தால் அவன் சும்மா இருப்பானா? மிச்ச அதிகாரம் மத்திக்கா மாநிலத்துக்கா என்று ஒரு வரிகூட இல்லை! பசித்தவன் கண்ணில் அரைவேக்காட்டுச் சோறு பட்டதுபோல ஆகிவிட்டது. பென்சிலை எடுத்தேன்.

அடுத்த மாதத்தில் மிஸ்டர் கிம்பர் சனிக்கிழமை தோறும் நோர்பரியில் எங்கள் வீட்டுக் குசினி மேசைக்கு வரத் தொடங்கினார். என் மனைவி தவமலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். "உங்கள் கெட்டில் அரைச் சுரம் கீழே பாடுகிறது, அம்மணி" என்று அவர் சொல்வார். பிறகு நாங்கள் நாட்டைப் பிரிப்போம்.

அந்தச் சனிக்கிழமைகளின் கிறுக்கை எப்படிச் சொல்வேன்! ஒரு நாள் பின்னேரம் தலைநகரத்தை லெஸ்டருக்கு மாற்றினோம். ஸ்கொட்லாந்துக்குத் தனித் தபால்தலை கொடுத்தோம். வட அயர்லாந்தைப் பற்றிப் பேச இருவருக்குமே தைரியமில்லாததால் அதைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளினோம். லண்டனை ஒரு மாநிலமாக்கி, அதன் எல்லையை எங்கள் வீட்டுப் பின்வளவோடு நிறுத்தலாமா தாண்டலாமா என்று இரண்டு கிழமை விவாதித்தோம். நான் எழுதிய உறுப்புரைகளை அவர் பூதக்கண்ணாடியால் வாசித்து அவ்வப்போது நிமிர்வார்.

"உறுப்புரை பதினொன்று. ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசாங்கக் கடிதம் தன்னுடைய மொழியில் கிடைக்கவேண்டும். யோர்க்ஷயரில் இது ஒரு பிரச்சினையா?"

"இன்னும் இல்லை" என்றேன்.

"உறுப்புரை பன்னிரண்டு. பல்கலைக்கழக அனுமதியில் எந்த மாநிலப் பிள்ளைக்கும் புள்ளியைக் குறைக்கக்கூடாது. பதின்மூன்று, மாநில அரசிடம் கேட்காமல் மத்திய அரசு படை அனுப்பக்கூடாது. மிஸ்டர் நாதன், நோர்விச்சுக்கு யார் படை அனுப்பப்போகிறார்கள்?"

"முதலில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்."

அவர் கொஞ்ச நேரம் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு, "பதின்மூன்று இருக்கட்டும்" என்றார்.

தவமலர் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அங்கை ஒரு நாட்டுக்கு எழுதித்தான் கிழிச்சாச்சு, இஞ்சை வந்து மற்ற நாட்டுக்கு எழுதுறியள்" என்றாள். அரசியலமைப்பு வரைபவனுக்கு இப்படியான உள்ளூர் எதிர்ப்புகள் சகஜம் என்று நான் விட்டுவிட்டேன்.

இனித் தேசப்படம். எட்டு மாநிலத்தையும் படமாகப் போட்டால் வாக்காளருக்கு விளங்கும் என்று அவர் சொன்னார். சுவரில் மிச்சம் பகுதிச் செல்வம் அண்ணையின் பலசரக்குக் கடைக் கலண்டர் தொங்கியது. அந்த வருடம் அண்ணை புதுமையாக, முழுப் பிரித்தானியத் தீவையும் பச்சை நிறத்தில் அச்சடித்திருந்தார். வடகடலில் கடை விலாசம். தீவின் இடதுபக்கம், நடுவில், தாமரையில் அமர்ந்து அருள்பாலிக்கும் பிள்ளையார். நான் ட்ரேசிங் பேப்பரை மேலே வைத்து, கரையோரமாகப் பென்சிலை ஓட்டினேன். பச்சை முடியும் இடமெல்லாம் கரை. பிரிஸ்டலிலிருந்து பென்சில் மேலே ஏறி, ஒரு அழகான வட்டமான குடாவைச் சுற்றி, லிவர்பூலுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த நாட்டில் பத்து வருடம் இருந்தும் ரெடிங்குக்கு மேற்கே கால்வைக்காதவன் நான். அந்தக் குடா பிள்ளையாரின் வயிறு என்று எனக்குத் தோன்றவேயில்லை. இயற்கைத் துறைமுகத்துக்கு உகந்த இடம் என்றுகூட நினைத்தேன்.

அச்சிட்டவர் நோர்பரியில் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் யோகன். அவர் படத்தில் எந்தக் குறையும் காணவில்லை; ஆனால் தாளின் உச்சியில் பழக்கதோஷத்தில் ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டார். வாக்காளர்கள் அதைக் கட்சியின் சின்னம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் மிஸ் கிராம்ப்டனின் முறைப்படி, அடிமட்டம் வைத்து, வரிவரியாக மூன்று தரம் சரிபார்த்தேன். அவருடைய முறையில் படங்களுக்கு இடமில்லை.

வட்டார உறுப்பினர் ஒருவர் பதவியை விட்டு ஸ்பெயினுக்குக் குடிபோனார். இடைத்தேர்தல் வந்தது. மக்கள் கேட்டது ஒரு பாதசாரிக் கடவை. மிஸ்டர் கிம்பர் கொடுக்க வந்தது எட்டு மாநிலங்கள்.

வேட்புமனுவின் கடைசி நாள், நண்பகலோடு முடிவு. பதினொன்று இருபதுக்கு மிஸ்டர் கிம்பர் நூலகத்துக்கு மேலே இருந்த எங்கள் அலுவலகப் படிகளில் ஏறிவந்து, மனுவைக் கவுண்டரில் வைத்தார். நான் அடிமட்டத்தை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது பேரும் பழைய பியானோ வாடிக்கையாளர்கள், எல்லாரும் இடாப்பில் இருந்தார்கள். பத்தாவது வரி வெறுமை.

"மிசிஸ் பெவன் போடுவதாகச் சொல்லியிருந்தார்" என்றார் மிஸ்டர் கிம்பர். "இன்று காலை போனேன். துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தார். பிறகு கத்தத் தொடங்கினார். வெல்ஷ் மொழியில். எனக்கு வார்த்தை விளங்கவில்லை. சுருதி விளங்கியது."

மிஸ் கிராம்ப்டன் வந்து பார்த்தார். "பத்தாவது வரி வெறுமையாக இருக்கிறது, மிஸ்டர் கிம்பர். நண்பகல்வரை அவகாசம் உண்டு." கடமை முடிந்தது. துண்டுப்பிரசுரத்தின்மேல் ஒற்றுத்தாளைப் போட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

நான் ஒற்றுத்தாளின் ஒரு மூலையைத் தூக்கி என் படத்தைப் பார்த்தேன். முதல்தடவையாக, ஒரு வெல்ஷ்காரியின் கண்ணால். வேல்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் என் துறைமுகம்.

"மிஸ், நான் கழிவறைக்குப் போகவேண்டும்."

"அது சட்டத்துக்கு முரணானதல்ல, மிஸ்டர் நாதன்."

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பொதுத்தொலைபேசி இருந்தது. வீட்டுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே தவமலர் தூக்கினாள்.

"இஞ்சருங்கோ, நானே எடுப்பமெண்டு இருந்தனான். பெவன் மனிசி எங்கட குசினிக்குள்ள இருந்து அழுதுகொண்டிருக்கிறா. என்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்?"

மிசிஸ் பெவன் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. ஓய்வுபெற்ற மருத்துவிச்சி. எங்கள் இரண்டு பிள்ளைகளும் இந்த உலகத்தில் முதலில் கண்ட முகம் அவருடையதுதான்.

"தவம், அது பிறகு. நீ உடன வந்து ஒரு கையெழுத்துப் போடு."

"நான் முந்தநாளே போட்டிட்டன். நல்ல கோட் போட்ட ஒரு தம்பி வந்தது."

"எந்தக் கட்சிக்கு?"

"அதை ஆர் கேட்டது? வாசலுக்கு வந்து கேக்கிற பிள்ளைக்கு இல்லையெண்டே சொல்லுறது? ரெண்டு வடையும் சாப்பிட்டுது."

"பக்கத்து வீட்டுச் சிவா அண்ணை?"

"அவரும் போட்டிட்டார். ரோட்டில இருக்கிற எங்கட சனம் முழுக்கப் போட்டிட்டுது."

எங்கள் சனத்தின் இந்தப் பழக்கம் எனக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணியும் கையெழுத்தும் மறுக்கமாட்டார்கள். ஒருவர் ஒரு வேட்பாளருக்குத்தான் போடலாம் என்பது சட்டம். முதலில் வந்தவர்கள் வட்டாரத்தை வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அப்ப பெவன் மனிசியைக் கூட்டிக்கொண்டு வா."

"எந்த முகத்தோட கேக்கிறது? என்ர ரெண்டு பிள்ளையளையும் கையில ஏந்தின மனிசி. அவவின்ர ஊரைக் கடலுக்குள்ள தள்ளிப்போட்டுக் கையெழுத்துக் கேக்கிறியள்!"

"தவம், நான் தள்ளேல்ல. அது பிள்ளையார் இருந்த இடம்."

"என்ன?"

"செல்வம் அண்ணையின்ர கலண்டரைப் பாத்துத்தான் கீறினனான்."

குசினிச் சுவரை அவள் திரும்பிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு வரும் சத்தம். "வையுங்கோ போனை. வாறன்."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் படியில் காலடிச் சத்தம். முன்னால் தொப்பி போட்ட குள்ளமான மிசிஸ் பெவன். பின்னால் கலண்டரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி தவமலர். மிசிஸ் பெவனின் பழைய மினி காரில் வந்திருந்தார்கள். வழிநெடுக அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றும், சிவப்பு விளக்குகளை மதிக்கவில்லை என்றும் பிறகு தெரிந்துகொண்டேன்.

"இந்தப் படத்தை வரைந்தது யார்? அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் பேனையைத் தொடுவேன்" என்றார் மிசிஸ் பெவன்.

"நான்தான்" என்றார் மிஸ்டர் கிம்பர் உடனே.

"நீங்களா? இன்று காலை என் வீட்டு வாசலை விட்டுவிட்டுத் தோட்டத்து வேலிக்கு வணக்கம் சொன்னவர் நீங்கள்."

சுவர்க்கடிகாரம் ஐம்பத்துநாலு. தவமலர் கலண்டரை விரிக்கவில்லை. சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள், நான் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்ற பார்வை. எனக்குப் பின்னால் ஆறடியில் மிஸ் கிராம்ப்டன். தேர்தல் பிரிவு எழுத்தன் ஒரு கட்சிக்கு அரசியலமைப்பு எழுதினான் என்று தெரிந்தால், மறுநாள் நான் பழையபடி பெட்ரோல் ஸ்டேஷனில். வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். எனக்கு முன்னால் மிஸ்டர் கிம்பர், பூதக்கண்ணாடியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி. அடுத்த இடைத்தேர்தல் எப்போது வருமோ. அவருடைய கண்ணுக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை.

"நான்தான் கீறினேன், மிசிஸ் பெவன். அரசியலமைப்பும் நான்தான் எழுதினேன்."

தவமலர் கலண்டரைக் கவுண்டரில் விரித்தாள். மிசிஸ் பெவன் குனிந்து பார்த்தார். பிரசுரத்தைப் பார்த்தார். மறுபடி கலண்டரைப் பார்த்தார்.

"வேல்ஸின்மேல் உட்கார்ந்திருக்கும் இவர் யார்?"

"எங்கட சாமி" என்றாள் தவமலர், தன் ஆங்கிலத்தில். "தடைகளை எல்லாம் நீக்குகிறவர்."

"வேல்ஸையே நீக்கிவிட்டாரே!"

சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். தொப்பி ஒரு பக்கம் சரிந்தது. தவமலர் அடக்கிவைத்திருந்ததும் உடைந்தது. மிஸ்டர் கிம்பருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டாலும் சுருதி சரியாகிவிட்டது என்று தெரிந்து அவரும் சிரித்தார். ஐம்பத்தாறு.

"முதலில் கீறுங்கள். பிறகு கையெழுத்து."

கைக்கு அகப்பட்டது இறந்தவர்களை வெட்டும் சிவப்புப் பேனை. அதைக்கொண்டு பிள்ளையாரின் குடாவுக்குள் வேல்ஸைக் கீறினேன். மிசிஸ் பெவன் தோளுக்குமேல் நின்று திருத்தினார்: "இது சப்பாத்து. மேலே ஒரு கை நீளவேண்டும். அந்தக் கை நான் பிறந்த இடம், அதைச் சுருக்காதீர்கள். இன்னும், இன்னும்." வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக ஒரு நாட்டை உருவாக்கியதில்லை.

"மிஸ்டர் நாதன்," என்றது பின்னாலிருந்து குரல், "வரைகலைக்கு இன்னும் ஒரு நிமிடம்தான் ஒதுக்க முடியும்."

மிசிஸ் பெவன் பத்தாவது வரியில் கையெழுத்திட்டார். மிஸ் கிராம்ப்டன் அடிமட்டத்தை எடுத்தார். அவசரப்படவில்லை. அந்த ஒரு வரியை மூன்று தரம் வாசித்தார்: பெயரும் இலக்கமும், விலாசம், கையெழுத்து. செக்கன் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. முத்திரை விழுந்தது.

"நல்லது."

எல்லாரும் போனபிறகு நான் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "மிஸ், நான் அப்போது சொன்னது..."

"நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் என்னால் செய்யமுடியும்." அன்றைக்கு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். "இந்தத் தேர்தல் முடியும்வரை நீங்கள் இடாப்பையோ வாக்குச்சீட்டையோ தொடமாட்டீர்கள். வாக்களிக்கும் மறைப்புத் தட்டிகளில் பென்சில் கட்டுவீர்கள். பிறகு, மிஸ்டர் நாதன், நூலகம் கீழ்மாடியில்தான் இருக்கிறது. தேசப்படப் புத்தகங்கள் நுழைந்தவுடன் இடதுபக்கம். யானைகள் இல்லாதவை."

பென்சில் கட்டினேன். அதனால்தான் வாக்களிப்பு நாளில், முனை உடைந்த பென்சில் மாற்றப்போன இடத்தில், மிஸ்டர் கிம்பரைக் கண்டேன். தட்டிக்குள் வாக்குச்சீட்டையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடமாக நின்றார். பின்னால் ஆட்கள் செருமத் தொடங்கினார்கள். நிலையப் பொறுப்பாளர் போய், "யாருக்கு என்று முடிவெடுக்கச் சிரமமா, சேர்?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை" என்றது தட்டிக்குள்ளிருந்து குரல். "நன்றாக இருக்கிறது. இன்னும் ஒருமுறை வாசித்துவிட்டு வருகிறேன்."

வாக்குகளை எண்ணியபோது பிரித்தானியச் சமஷ்டிக் கட்சிக்கு ஒன்பது. மனுவில் கையெழுத்திட்டவர்களே பத்துப் பேர். நான் மிசிஸ் பெவனைத் தெருவில் கண்டு கேட்டேன். "அவர் நிற்கத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "எனக்குப் பாதசாரிக் கடவை வேண்டும்."

சில வருடங்களில் மிஸ்டர் கிம்பருக்குப் பார்வை முழுதாகப் போனது. மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைச் சட்டம் போட்டு, அவருடைய பியானோவுக்கு மேலே மாட்டியிருந்தார். போகிறவர்களிடமெல்லாம் அதை வாசிக்கச் சொல்வார். அவர் பெயருக்கு வரும்போது ஒரு சுரத்தைத் தட்டுவார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் மக்களிடம் வாக்கெடுத்து, தங்களுக்கென்று சபைகள் கொடுப்பதாக முடிவானது. காலைத் தொலைக்காட்சிச் செய்தியில் வேல்ஸின் முடிவைச் சொன்னார்கள், மயிரிழையில் வென்றிருந்தது. எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. குசினிக்கு ஓடினேன். "பாத்தியே தவம்? நான் அண்டைக்கே எழுதினது! சமஷ்டி வருது!"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நீங்கள் எழுதின எட்டில ஸ்கொட்லாந்து ஒண்டுக்குத்தான் சபை கிடைச்சுது. எழுதாமல் விட்டது ஒரேயொரு இடம், அந்த வேல்ஸுக்கு நேரா வந்திட்டுது. இனி இலங்கைக்கும் ஒண்டு எழுதுங்கோ." தட்டை என் பக்கம் தள்ளினாள். "யாழ்ப்பாணத்தை மறக்காமல் விட்டிடுங்கோ."